நாஞ்சில் நாட்டு எள்ளல் மரபும் செய்திப் பகடியும்

தொலைக்காட்சியிற் செய்தி படிப்போர்க்கெனச் சில கோலங்கள் அமைந்துள்ளன. நீண்ட மேசை, பின்புறத்தே சுழலும் உலக உருண்டை, கையிற் சில தாள்கள், நகையறியா முகம், ஏற்ற இறக்கம் அளந்து வைத்தாற் போன்ற குரல் ஆகிய இவை ஒருங்கு கூடியவழிச் சொல்லப்படுவது உண்மையே என்னும் நம்பிக்கை கேட்போர் உள்ளத்தில் தானே எழுகின்றது. இக்கோலத்தை அவ்வாறே மேற்கொண்டு, நாட்டு நடப்பை நகையாடும் பொருளை அதனுட் பெய்து, சொல்வோர் மட்டும் சிரியாது சொல்லிச் செல்லும் நிகழ்ச்சிகள் உலகின் பல நாடுகளிலும் தோன்றியுள்ளன. அவற்றைச் 'செய்திப் பகடி' என்று ஈண்டு வழங்குவோம். இக்கலை தொலைக்காட்சியோடு உடன் பிறந்தது என்பது பலர் கருத்து. அது பொருந்துமாறு இல்லை என்பதும், குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் இதற்கு முற்பட்ட உறவினர் இருவர் உளர் என்பதும் எம் துணிபு.

முதற்கண் புறநாட்டு வரலாற்றைச் சுருங்கக் காண்போம். பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி., 1962 நவம்பரில் 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கி, கடந்த கிழமையின் அரசியலை நகையாடியது. 1964 பொதுத்தேர்தல் ஆண்டாதலின் அது 1963-இன் இறுதியோடு நிறுத்தப்பெற்றது. எள்ளல் தேர்தலை அசைக்கும் என்று ஒரு பெருநிறுவனம் அஞ்சியதே அதன் வலிமைக்குச் சான்று. செய்தி நிகழ்ச்சியின் வடிவத்தையே முற்றும் மேற்கொண்டு நகைத்தவற்றுள் 1994-இல் அந்நாட்டில் வெளிவந்த 'த டே டுடே' குறிக்கத்தக்கது. அமெரிக்காவில் 1996-இல் தோன்றிய 'த டெய்லி ஷோ' பலரும் அறிந்தது. இவற்றினும் எமக்குச் சுவை பயப்பது வேறொன்று. 1957 ஏப்ரல் முதல் நாளன்று, பி.பி.சி.யின் 'பனோரமா' என்னும் உண்மையான செய்தி நிகழ்ச்சியே, சுவிட்சர்லாந்தில் மரங்களிற் காய்த்துத் தொங்கும் மாவிழைகளைப் பெண்டிர் பறித்து உலர்த்துவதாக ஒரு படத்தைக் காட்டியது. அதனை விளக்கிய குரல், அரசியின் முடிசூட்டு விழாவை விளக்கிய ரிச்சர்டு டிம்பிள்பியின் குரல். நம்பினோர் பலர், அம்மரத்தை வளர்ப்பது எங்ஙனம் என்று வினவினோரும் உளர். மக்கள் நம்பியது மரத்தை அன்று, குரலை. செய்திப் பகடியின் இலக்கணம் முழுவதும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது எனலாம்.

இனி நம் நூல்கள் கூறுவதைக் காண்போம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் நிலைக்களன்களாக நான்கினைக் கூறி, அவற்றுள் எள்ளலை முன்னர் வைத்தார். செய்யுளியலில் அங்கதத்தை, வெளிப்படப் பழிக்கும் செம்பொருள் எனவும், மறைத்துப் பழிக்கும் கரந்தது எனவும் இருவகைப்படுத்தினார். பழிகரப்பு என்பதனைப் பெரும்பாலும் சொல்லளவில் வைத்து விளக்குதல் மரபு. புகழ்வார் போலப் பழித்தலும் அதன்பாற்படும். யாம் அதனை இன்னும் சிறிது விரித்துக் கொள்கின்றோம். ஒருவன் தன் பழிப்பைச் சொல்லில் மறைத்தல் போலவே, ஓர் இலக்கிய வகையின் உருவத்திலும் மறைத்தல் கூடும். புராணம், காலட்சேபம், செய்தியறிக்கை முதலிய மதிப்பு மிக்க வடிவங்களுள் ஒன்றன் உடையை உடுத்திக்கொண்டு வந்து நிற்பதும் கரத்தலே. உடை எத்துணைப் பெரியதோ அத்துணை நகை பெரிதாம்.

இவ்வகைக்கு நாஞ்சில் நாடு தந்த தலையாய எடுத்துக்காட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இயற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களும் நாஞ்சில் நாடெனப்படும். 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைவதற்கு முன் இப்பகுதி திருவிதாங்கூர் அரசிலும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் அடங்கியிருந்தது. ஆங்கு வாழ்ந்த வேளாளருள் ஒரு பெரும்பகுதியினர் மருமக்கள்வழி உரிமையைப் பின்பற்றினர். குடும்பச் சொத்துத் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாது, மாமனிடமிருந்து உடன்பிறந்தாள் மகனுக்குச் செல்லும். குடும்பத்து மூத்த ஆண்மகனாகிய காரணவர் சொத்தினை ஆள்வர்.

மலையாள நாட்டு நாயர் குடும்பங்களிலும் இவ்வுரிமை இருந்தது; ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அதனை உணராதார்க்கு மான்மியத்தின் துன்பம் விளங்காது. நாயர் மகளிர் பெரும்பாலும் தம் தாய்வீட்டிலேயே தங்கினர். அவர்தம் மக்கள் வளர்ந்ததும், உரிமை பெற்றதும் அவ்வீட்டிலேயே. நாஞ்சில் நாட்டு வேளாளப் பெண்ணோ, ஏனைத் தமிழ்ப் பெண்களைப் போலக் கணவன் வீட்டிற்குச் சென்று வாழ்ந்தாள். குடிபுகுந்த வீட்டில் அவளுக்கும் அவள் மக்களுக்கும் உரிமையில்லை. கணவன் இறந்தால் அவ்வீடு அவன் மருமகனுடையது. 'உகந்துடைமை', 'நன்குடைமை' என்னும் பெயர்களால் மனைவி மக்கட்கு ஒரு சிறு பங்கு கொடுக்கும் வழக்கம் உண்டாயினும், அதனைப் பெறுதற்கு வழக்காட வேண்டிய நிலைமை நேர்ந்தது. வாழ்வது ஒரு முறை, உரிமை ஒரு முறை என இரண்டும் முரணிய இடத்தில் இரண்டு தலைமுறைப் பெண்கள் அகப்பட்டனர். மான்மியம் பாடுவது இந்நிலையையே.

இது 'தமிழன்' என்னும் இதழில் 1917, 1918-ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. இதழில் தொடர்ந்து வந்தமை கருதத்தக்கது. நாட்டில் அப்பொழுது எரிந்துகொண்டிருந்த ஒரு சிக்கலை, இதழ்தோறும், படிப்போர் அடுத்த பகுதிக்குக் காத்திருக்குமாறு ஒருவர் நகையாடினார் என்பது இன்றைய வாராந்தர நிகழ்ச்சியோடு ஒப்புநோக்கத்தக்கது.

உருவத்தை நோக்குவோம். 'மான்மியம்' என்பது ஒரு திருத்தலத்தின் பெருமையையோ ஒரு நோன்பின் பெருமையையோ கூறும் நூலுக்குரிய பெயர். நாஞ்சில் நாட்டார்க்கு அது புதிய சொல் அன்று. சுசீந்திரம் போன்ற பெருந்தலத்தின் அண்மையில் வாழ்வோர் தலப்பெருமை கேட்டுப் பழகியவர். அப்பெயரைக் கேட்டவுடன் கை குவியும். குவித்த கையோடு கேட்பானுக்குக் கிடைப்பதோ மருமக்கள்வழியின் 'பெருமை'. தலைப்பிலேயே பழிகரப்புத் தொடங்கிவிடுகின்றது.

படலப் பெயர்களும் அவ்வாறே. 'குலமுறை கிளத்து படலம்' என்பது கம்பர் பாலகாண்டத்தில் அமைத்த பெயர். ஆங்கு விசுவாமித்திரர் சனகனுக்கு இராமனது கதிரவன் குலத்தை எடுத்தோதுவர். மான்மியத்திலும் அதே பெயரில் ஒரு படலம் உண்டு. ஆனால் ஈண்டுக் கிளத்தப்படும் குலம் ஐந்து பெண்களை மணந்த ஒரு காரணவர் குடும்பம். 'கடலாடு படலம்' சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையை நினைப்பிக்கும். 'நாகாஸ்திரப் படலம்', 'கருடாஸ்திரப் படலம்' என்பன இலங்கைப் போர்க்களத்தைக் கண்முன் நிறுத்தும். இவற்றினிடையே 'மாமி அரசியற் படலம்' என்றும், 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்றும் வருகின்றன. கோடு என்பது அந்நாட்டு வழக்கில் நீதிமன்றம். மலைக்கோடு ஏறிய வீரரைக் காப்பியங்கள் பாடின. நீதிமன்றப் படியேறிக் குடியைத் தொலைத்தவரை இந்நூல் பாடுகின்றது. தன்னேரில்லாத் தலைவர் பெயரோ பஞ்சகல்யாணிப் பிள்ளை. நான்கு காலும் முகமும் வெளுத்த நற்குதிரைக்கு வழங்கும் பெயரை, ஐந்து கலியாணம் முடித்தவர்க்கு இட்டதில் உள்ள குறும்பை விரிக்க வேண்டுவதின்று.

கவிமணி கல்வெட்டு ஆராய்ச்சியாளர், காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்தெழுதியவர், கம்பனில் தோய்ந்தவர். பழைய வடிவத்தை ஐயந்திரிபறக் கற்றவர்க்கே அதனைப் போலி செய்தல் இயலும். பழந்தமிழ் அறியாதார் செய்யும் பகடி வெறும் கூச்சலாகி ஒழிதலைப் பலகாலும் கண்டுள்ளோம்.

இந்நூலில் மிகவும் ஊன்றி நோக்கத்தக்கது கூறுவோர் யார் என்பது. தலபுராணங்களை நைமிசாரணியத்து முனிவர்க்குச் சூதர் கூறுவதாக வைத்தல் மரபு. கூறுவோரின் தகுதியே கூற்றின் தகுதி. மான்மியத்திற் சூதரும் இலர், முனிவரும் இலர். காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே கூறுகின்றாள். அடுக்களையிலும் முற்றத்திலும் வழங்கும் பேச்சு அகவல் ஓட்டத்தில் வந்து விழுகின்றது. நாஞ்சில் நாட்டு உணவு, அணி, சடங்கு, வசைமொழி எல்லாம் அதனுள் அடங்கியுள்ளன. இன்றைய செய்திப் பகடியில், செய்தி படிப்போனது இருக்கை அவ்வாறே இருக்க அதில் அமர்வோன் கோமாளியாகின்றான். நகை அவன்மேற் செல்கின்றது. கவிமணியோ, முனிவரது இருக்கையை உரிமையற்ற ஒரு பெண்ணுக்கு அளித்துவிட்டார். அவள் கோமாளியல்லள். நகைத்துக்கொண்டே கேட்போன், ஓரிடத்தில் நகைக்கவொட்டாது நின்றுவிடுகின்றான். 'கும்பியெரிச்சல் படலம்' என்பதும் இந்நூலில் ஒரு படலப் பெயர். கும்பி என்பது வயிறு. அப்பெயரில் நகை எங்கே முடிகின்றது, அழுகை எங்கே தொடங்குகின்றது என்று பிரித்துக் காட்டுதல் அரிது.

இம்மான்மியமே மருமக்கள்வழியை ஒழித்தது என்று கூறுவாரும் உளர். அக்கூற்று மிகை. 1925-இல் திருவிதாங்கூரில் நாயர்க்கென ஒரு சட்டம் நிறைவேறியது; அதனைத் தொடர்ந்து, கொல்லம் 1101-இல், அஃதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறி, மனைவி மக்களின் உரிமையை ஏற்றது. நாயர் குடும்பங்களில் எழுந்த கிளர்ச்சி, ஆங்கிலக் கல்வியும் அரசுப்பணியும் தந்த தனி வருவாய், வழக்குகளால் நிலங்கள் கரைந்தமை, நாஞ்சில் நாட்டாரே செய்த முயற்சிகள் எனக் காரணங்கள் பல. எனினும் ஒன்று கூறலாம். சட்டத்திற்கு முன் வெட்கம் வரவேண்டும். தம் வழக்கம் தொன்மையானது, ஆதலின் தூயது என்று எண்ணியிருந்த ஒரு குடியினர், அதனைப் பிறர் முன் சொல்ல நாணும் நிலையை அடைதல் சட்டமன்றத்தில் நிகழ்வதன்று. வீட்டுத் திண்ணையில் நிகழ்வது. மான்மியம் படிக்கப்பட்டதும் ஆங்கேதான்.

இந்நூலின் குறையையும் மறைத்தல் தகாது. காரணவரின் உடன்பிறந்தாள் இதிற் கொடியவளாகவே வருகின்றாள். ஆனால் அவளும் ஒரு வீட்டில் மனைவியாக இருந்தவளே. அங்கே அவளுக்கும் உரிமையில்லை. தாய்வீட்டு உரிமை ஒன்றே அவளுக்குப் பற்றுக்கோடு. மருமக்கள்வழி பெண்ணுக்கு அளித்த அவ்வொரு பாதுகாப்பைப் பற்றி மான்மியம் ஒன்றும் பேசவில்லை. பகடி நடுவுநிலை நூலன்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் அது குறிபார்க்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் தோன்றிய கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடத்திய 'கிந்தனார்' காலட்சேபம். அறிஞர் அண்ணா எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் இது இடம்பெற்றது. பாடல் உடுமலை நாராயணகவியுடையது. ஈண்டு உடுத்த உடை கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம். தமிழகம் எங்கும் பாகவதர்கள் அதனைக் கதையாகச் சொல்லிவந்தனர், 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றினர். கேட்போர்க்கு ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடம். பகடிக்கு இதனினும் ஏற்ற நிலம் வேறில்லை. மூலம் அறியாதானிடம் போலி எடுபடாது.

நந்தன் என்பது கிந்தன் ஆயிற்று. தில்லை காண விழைந்தவன் பள்ளி காண விழைகின்றான். நந்தனார் தீயுள் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுட் புகுந்தார். கிந்தனார்க்குத் தீயில்லை, படிப்பு உண்டு. ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த அச்சிறுவன் நகரஞ் சென்று கற்றுப் பள்ளிகளை மேற்பார்க்கும் அதிகாரியாகத் திரும்புகின்றான். சாதி பாராமல் எல்லாரையும் ஏற்றிச்செல்லும் புகைவண்டிக்கு இக்கதையில் ஒரு தனியிடம் உண்டு. இவையெல்லாம் காலட்சேபத்துக்குரிய அமைதி குலையாமல், பாட்டும் உரையுமாக, பாகவதர் நடையிலேயே சொல்லப்பட்டன. பாகவதரைப் பழிப்பது கலைவாணர் நோக்கமன்று என்பது எம் கருத்து. அவ்வடிவின்மேல் மக்கள் வைத்திருந்த பத்தியை அவர் கடன்வாங்கி வேறோர் இடத்திற் செலவிட்டார்.

இது நடப்புச் செய்தியோ எனின், நடப்புச் செய்தியே. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-ஆம் நாள் கோயில் நுழைவு அறிக்கை வெளியாயிற்று. கலைவாணர் பிறந்த ஊரின் அண்மையிலேயே, சுசீந்திரத்தில், 1926-லும் 1930-லும் தெருவில் நடக்கும் உரிமைக்கு அறப்போர் நிகழ்ந்தது. தீண்டாமையை ஒழித்த அரசியற் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 சனவரியில். இடைப்பட்ட காலத்தில், கோயிற் கதவு திறந்தாயிற்று, இனிப் பள்ளிக் கதவு எப்பொழுது என்னும் வினாவை நந்தன் கதையின் மெட்டிலே எழுப்பியது 'கிந்தனார்'. தலையங்கம் எழுதியிருந்தால் படித்தவர் சிலர் படித்திருப்பர்.

கலைவாணர்க்கு இவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? நாடகக் குழுப் பயிற்சி ஒரு காரணம். அதனினும் பழமையான மற்றொன்று, இம்மாவட்டத்து அம்மன் கோயில், சுடலைமாடன் கோயிற் கொடை விழாக்களிற் பாடப்படும் வில்லுப்பாட்டு என்பது எம் எண்ணம். வில்லைக் குடத்தின் மேலிருத்தி வீசுகோலால் அடித்துப் புலவர் கதை சொல்ல, அருகிருப்போர் உடுக்கையும் தாளமும் கட்டையும் கொண்டு உதவுவர். அவருள் ஒருவர் 'ஆமா' போடுவார். இவ் 'ஆமா' வெறும் இசைவன்று. ஐயம் எழுப்புதல், தவறாக விளங்கிக்கொண்டாற் போல் நடித்தல், ஊர்ப்பெரியவர் ஒருவரை இடையே இழுத்துவிடுதல் எல்லாம் அவர் தொழில். தெய்வக்கதை நடந்துகொண்டிருக்கும்பொழுதே அவ்வூர்ச் செய்தி உள்ளே நுழைவது அவர் வாயிலாகத்தான். தொலைக்காட்சியில் செய்தி படிப்போனும், 'நிகழ்விடத்திலிருந்து' பேசும் செய்தியாளனும் ஒருவரையொருவர் வினவும் அமைப்பைப் பகடி செய்வோர், அறிந்தோ அறியாமலோ, இப்பழைய இருவர் முறையையே ஆள்கின்றனர். கலைவாணரால் சென்னைக்கு அழைத்துவரப்பெற்ற நெல்லைச் சுப்பு ஆறுமுகம் (1928-2022) வில்லிசையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொணர்ந்து, நாட்டு நடப்பையே கதைப்பொருளாக்கினார்.

இத்துணை வளமுடைய மரபிருந்தும் தமிழ்த் தொலைக்காட்சியிற் செய்திப் பகடி ஏன் செழிக்கவில்லை என்னும் வினா எழுகின்றது. எல்லைக்கு அப்பால் மலையாளத்து ஏசியாநெட் அலைவரிசையில் 'முன்ஷி' என்னும் சிறு நிகழ்ச்சி, அன்றன்றைய அரசியலை ஊர்மாந்தர் சிலர் கூடிப் பேசுவதாக வைத்து, 2000-ஆம் ஆண்டளவிலிருந்து நெடுங்காலம் நடைபெற்றது. நம்மிடத்தே விஜய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா' போன்றவை பெரும்புகழ் பெற்றனவாயினும், அவை பெரும்பாலும் திரைப்படத்தையே பகடி செய்தன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது அரசின் கையில். 1993-க்குப் பின் வந்த தனியார் அலைவரிசைகளுட் பல, ஏதேனும் ஓர் அரசியற் கட்சியைச் சார்ந்தன. அரசு தன்னைத் தானே நகைத்துக்கொள்ளாது. கட்சி அலைவரிசை நகைக்கும். ஆனால் எதிர்வீட்டை மட்டுமே நகைக்கும். எதிர்வீட்டை நகைப்பதற்குப் பகடி வேண்டுவதில்லை, வசையே போதும். அது செம்பொருள் அங்கதம். அதனிற் கரத்தற்கு ஒன்றுமில்லை. கவிமணி நகைத்தது தாம் பிறந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் குடியை. அவர் நூலைக் கையிலெடுத்த காரணவர் பலர் அவர்க்கு உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருந்திருத்தல் வேண்டும்.

செய்தி அலைவரிசைகளே தம் கூச்சலாலும் மின்னும் எழுத்துகளாலும் பகடிபோல் ஆகிவிட்டமையின், அவற்றைப் போலி செய்வோர்க்கு இனி வேலையில்லை என்று நண்பர் சிலர் எம்மோடு வாதிட்டனர். அதனை முற்றும் மறுத்தற்கில்லை. மூலம் தன் பெருமிதத்தை இழந்தவழி உடுத்தற்கு உடையில்லாமற் போகின்றது. தலபுராணம் மதிப்புடையதாக இருந்தமையால் மான்மியம் பிறந்தது. நந்தனார் கதைக்குக் கண்ணீர் விடுவார் இருந்தமையால் கிந்தனார் பிறந்தார். இன்று நாம் எதனைக் கேட்கும்பொழுது நம்மை அறியாமல் நிமிர்ந்து உட்காருகின்றோமோ, அதன் உடையே அடுத்த பகடிக்கு உரியதாகும்.

'தமிழன்' இதழில் வந்த மான்மியப் பாடத்தையும் பின்னர் நூலாக வந்த பாடத்தையும் வரிவரியாக ஒப்புநோக்கினால், கவிமணி எவ்விடங்களிற் கூர்மையை மிகுத்தார், எவ்விடங்களிற் குறைத்தார் என்பது புலப்படும். கொடை விழாக்களில் 'ஆமா' போடுவோர் இடையிடையே கூறும் நகைமொழிகள் ஏட்டில் எழுதப்படுவன அல்ல; பாடும் முதியோர் இருக்கும்பொழுதே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களிலும் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். அவற்றை ஒலிப்பதிவோடு வைத்துப் பிறிதொரு கட்டுரையில் ஆராய்வோம்.